இளங்குடும்பக் கூட்டம்

"எத்தனை பேரு மேடம்?" என்று வாசலில் டேப்லெட்டோடு நின்ற பெண் கேட்டதும் ஜொவிட்டா யோசிக்காமல் "நாலு" என்று சொல்லிவிட்டாள். பக்கத்தில் நின்ற கணவன் நோயல் தொண்டையைச் செருமிக்கொண்டு தெருவைப் பார்த்தான். மகள் ரோஸி, பிளஸ் ஒன் படிக்கிறவள், "மூணு" என்று திருத்தினாள். திருத்திய குரலில் கொஞ்சம் ஊசி இருந்தது. அந்தப் பெண் சிரித்துக்கொண்டே நாலை அழித்து மூணு என்று போட்டாள். அவளுக்கென்ன, எண்ணிக்கைதானே.

ஆழ்வார்பேட்டையில் புதிதாகத் திறந்திருந்த 'கொத்துச்சாவி ஃபேமிலி ரெஸ்டாரன்ட்' வாசலில் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கல்யாண மண்டபத்துக் கூட்டம். நடைபாதையில் போட்டிருந்த நாற்காலிகளில் பட்டுப்புடவைகளும், தூங்கி வழியும் குழந்தைகளும், பசி தாங்காமல் செல்போனைக் குடைகிற ஆண்களும். கண்ணாடிக் கதவு ஒவ்வொரு முறை திறக்கும்போதும் நெய்யும் மிளகும் கலந்த ஒரு வாசனை குளிர்ந்த காற்றோடு வந்து முகத்தில் அடித்துவிட்டுப் போயிற்று. சும்மா சொல்லக் கூடாது, அந்த வாசனைக்கே ஜொவிட்டாவின் வாய் ஊறியது. ஊறிய எச்சிலை விழுங்கும்போது குற்ற உணர்ச்சியும் கூடவே இறங்கியது. இரண்டும் ஒரே தொண்டை வழியாகத்தானே போயாக வேண்டும்.

வீட்டில் மாமனார் ஆம்ப்ரோஸ் தனியாக இருந்தார். சாந்தோமில் அந்தப் பழைய மாடி வீட்டில், நேற்று வடித்த சோற்றில் மோரை ஊற்றி, ஊறுகாயைத் தொட்டுக்கொண்டு சாப்பிட்டிருப்பார். அப்படித்தான் சாப்பிடுவதாகச் சொன்னார். "எனக்கு என்னாம்மா, மோர் இருந்தா போதும், நீங்க போய்ட்டு வாங்க" என்று வாசல் வரைக்கும் வந்து வழியனுப்பினார். குடை எடுத்தீர்களா என்று வேறு கேட்டார். அந்தக் குடைதான் இப்போது நோயலின் கையில் இருந்தது. அதை எங்கே வைப்பதென்று தெரியாமல் அவன் இடுக்கிக்கொண்டு நின்றான்.

விஷயம் இதுதான். ஆம்ப்ரோஸ் ஒரு பள்ளிக்கூடத்தில் முப்பது வருஷம் பி.டி. மாஸ்டராக இருந்தவர். அவர் விசில் ஊதினால் சாந்தோம் கடற்கரை வரைக்கும் பையன்கள் நிமிர்ந்து நிற்பார்கள் என்று ஊரில் சொல்வதுண்டு. போன வருஷம் ஈஸ்டருக்குக் கொஞ்சம் முன்னால் அவர் மனைவி லூயிசா போய்ச் சேர்ந்தாள். அடக்கம் முடிந்து வந்து கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்த மனுஷன், படுத்தவர்தான். ஷேவிங் இல்லை. பேச்சு இல்லை. ஒரு ஞாயிறு பூசையைத் தவறவிட்டதில்லை என்று பெருமை பேசுகிறவர் கோயில் மணி அடித்தாலும் திரும்பிப் படுப்பார். ஃபாதர் வீட்டுக்கே வந்து பேசிப் பார்த்தார். சாமியாருக்கு மரியாதை கொடுத்து எழுந்து உட்கார்ந்தார், அவர் படியிறங்கியதும் மறுபடி படுத்துக்கொண்டார். "டாடி அம்மா பின்னாடியே கிளம்பிடுவாரு போலக்கீது ஜொவி" என்று நோயல் ஒருநாள் பால்கனியில் நின்று அழுதான். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவன் அழுது அவள் பார்த்தது அன்றைக்குத்தான்.

அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் குளியலறையில் தண்ணீர்ச் சத்தம் கேட்டது. ஆம்ப்ரோஸ் ஷேவ் பண்ணி, பேன்ட் போட்டு, பூசைக்குப் போய்விட்டு, வயர் கூடையோடு அப்துல் சமத் பாய் கறிக்கடைக்கும் போய் வந்துவிட்டார். கூடையைச் சமையலறை மேடையில் வைத்துவிட்டு ஜொவிட்டாவிடம் சொன்னார். "வாரத்துல ஆறு நாளு நீ ஆபீஸ் போற. ஞாயித்துக்கிழமை லூயிசா உன்ன அடுப்பாண்ட உட்டதில்ல. நானும் உட மாட்டேன். போய் படு." ஜொவிட்டா படுக்கவில்லை. குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். தி. நகரில் ஒரு பள்ளிக்கூட ஆபீஸில் நாள் முழுக்கப் பெற்றோர்களிடம் வாங்கிக் கட்டிக்கொள்கிற அவளுக்கு ஞாயிற்றுக்கிழமை என்றால் என்னவென்று தெரிந்திருந்தவள் மாமியார் ஒருத்திதான். இப்போது இவரும்.

அன்றைய மட்டன் குழம்பு வாயில் வைக்க வழங்கவில்லை. கறி ரப்பர். உப்போ, அப்பப்பா, கடலிலிருந்து ஒரு குடம் மொண்டு ஊற்றின மாதிரி. ரோஸி தண்ணீரை எடுத்துக் குடித்தாள். ஆம்ப்ரோஸ் நின்றுகொண்டே அவர்கள் முகத்தைப் பார்த்தார். "சரியா இருக்கா?" என்றார். அந்தக் கேள்வியில் இருந்த ஆசையைப் பார்த்துவிட்டு எவன் உண்மை சொல்லுவான்? "டாடி, அம்மா கைமணம் அப்படியே இருக்கு" என்றான் நோயல். "ஆமா மாமா, சூப்பர்" என்றாள் ஜொவிட்டா. அவர் ஒரு கரண்டி கூடப் போட்டார். தானும் உட்கார்ந்து முகம் சுளிக்காமல் தட்டைக் காலி பண்ணினார். உப்பு தூக்கலாகச் சாப்பிடுகிற நாக்கு போலிருக்கிறது என்று இவர்கள் நினைத்துக்கொண்டார்கள்.

அவ்வளவுதான், மாட்டிக்கொண்டார்கள். அன்றிலிருந்து ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அதே குழம்பு, அதே உப்பு, அதே சூப்பர். தாராளமாகத் தயிர் ஊற்றிக்கொள்வது, உருளைக்கிழங்கை மட்டும் பொறுக்குவது, கறியை எலும்போடு சேர்த்து ஒதுக்குவது என்று மூவரும் ஆளுக்கொரு வித்தை கற்றுக்கொண்டார்கள். சாயந்தரம் ரோஸி கடற்கரைப் பக்கம் போய் பஜ்ஜி தின்றுவிட்டு வருவாள். நோயல் தன் பிறந்தநாளைச் சாக்கு வைத்து ஒரு தடவை கேட்டுப் பார்த்தான். "டாடி, இந்த வாரம் நாலு பேரும் வெளிய சாப்பிடலாமா?" ஆம்ப்ரோஸ் "ஏன்?" என்று கேட்டார், அந்த ஒரு வார்த்தைதான். அன்றைக்கு அறைக்குள் போனவர் சாயந்தரம் வரைக்கும் வெளியே வரவில்லை. சுவரைப் பார்த்துப் படுத்திருந்த முதுகை ஜொவிட்டா கதவிடுக்கில் பார்த்தாள். இந்தக் கறிச்சட்டிதான் அவரைப் பிடித்து நிற்க வைத்திருக்கிறது என்று அவளுக்கு அப்போது புரிந்தது. அதை மட்டும் பிடுங்கிவிடக் கூடாது. கரிக்கிறதா, கரிக்கட்டும்.

இப்படியெல்லாம் நினைத்தவள்தான் கொத்துச்சாவிக்கும் வந்து நிற்கிறாள். ஆபீஸில் கூட வேலை பார்க்கிற ஃபிசா அந்த ஹோட்டலின் மட்டன் சுக்காவைப் பற்றிச் சொல்லிச் சொல்லி அவள் மனசைக் கெடுத்துவிட்டாள். "கறி வாயில போட்டா கரையுது ஜொவிட்டா. பல்லுக்கு வேலையே இல்ல." பல்லுக்கு வேலை இல்லாத கறி! ஜொவிட்டா அன்றைக்கு வீட்டுக்கு வருகிற பஸ்ஸில் முழுக்க அதையே நினைத்துக்கொண்டு வந்தாள். சனிக்கிழமை நோயலுக்கு வேலை, ராத்திரி திரும்பவே நேரமாகிவிடும். மிச்சமிருப்பது ஞாயிறு ஒன்றுதான்.

பொய்யை யோசித்தது அவள்தான். அதில் சந்தேகமே இல்லை. சனிக்கிழமை சாயந்தரம், மாமனார் பூண்டு உரித்துக்கொண்டிருக்கும்போது, வாய் கூசாமல் சொன்னாள். "மாமா, நாளைக்கு அன்பியத்துல இளங்குடும்பக் கூட்டமாம். மத்தியானச் சாப்பாடும் அங்கயே. நீங்க சமைக்க வேணாம்." அன்பியம் என்றால் கோயில் பங்கில் தெருவாரியாகச் சேர்த்து வைத்திருக்கிற குடும்பங்களின் குழு. மாதத்துக்கு ஒரு தடவையாவது ஏதாவது கூட்டம் இருக்கும். அதனால் சந்தேகம் வராது. இளங்குடும்பம் என்று போட்டுவிட்டால் அவரையும் வா என்று கூப்பிட வேண்டாம். என்ன மூளை பாருங்கள்! ஆம்ப்ரோஸ் பூண்டை வைத்துவிட்டு நிமிர்ந்தார். "இளங்குடும்பமா? உங்க ரெண்டு பேருமா? நோயலுக்குத் தலைல முடியே இல்லியே" என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். லூயிசா போனதிலிருந்து அவர் வாய்விட்டுச் சிரித்து அவள் கேட்டதில்லை. அந்தச் சிரிப்பு அவளை என்னமோ செய்தது. அங்கேயே, மாமா சும்மா சொன்னேன் என்று முடித்திருக்கலாம். முடிக்கவில்லை.

அது அக்டோபர், ஜெபமாலை மாதம். அன்பியத்து மாதா சொரூபம் ஜெபத்துக்காகத் தினம் ஒரு வீடாகப் போய்க்கொண்டிருந்தது. அவர்கள் வீட்டு முறை புதன்கிழமை. ஆகவே ஞாயிற்றுக்கிழமை அன்பியத்துக்காரர்கள் யாரும் நம் படியேற மாட்டார்கள் என்று கணக்குப் போட்டாள். காலையில் முதல் பூசைக்கே போய்வந்தாகிவிட்டது. அன்பியத்தின் வாட்ஸாப் குரூப் நாள் பூராவும் டிங் டிங் என்று கூப்பிடும், கேட்கும்போதெல்லாம் மனசு குத்தும் என்று அதை ம்யூட்டில் போட்டுவிட்டுத்தான் கிளம்பினாள்.

உள்ளே மேலேயிருந்து பித்தளைச் சாவிக் கொத்துகளாகத் தொங்கவிட்டிருந்தார்கள். பெயருக்கு ஏற்ற அலங்காரமாம். நாலு பேர் உட்காருகிற மேசைதான் கிடைத்தது. சர்வர் நாலாவது தட்டையும் டம்ளரையும் எடுத்துக்கொண்டு போனான். நாற்காலியை எடுக்கவில்லை. நோயல் குடையை அதில் வைத்தான். பக்கத்து மேசையில் ஒரு குடும்பம் தாத்தாவுக்கு மீனில் முள் எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தது. அந்தக் கிழவர் காதில் மெஷின் வைத்துக்கொண்டு, பேரன் பேத்திகள் கத்துவதை எல்லாம் ரசித்துக்கொண்டு, நிதானமாகச் சாப்பிட்டார். ஜொவிட்டா அந்தப் பக்கம் பார்க்காதபடி நாற்காலியைக் கொஞ்சம் திருப்பிப் போட்டுக்கொண்டாள்.

மட்டன் சுக்கா வந்தது, சீரகச் சம்பா பிரியாணி வந்தது, வஞ்சிரம் வறுவல் வந்தது. முதல் துண்டை வாயில் போட்டதும் ஜொவிட்டாவுக்குக் கண்ணே மூடிக்கொண்டது. ஃபிசா பொய் சொல்லவில்லை. கறி வெந்திருந்தது. வெந்த கறியைச் சாப்பிட்டதற்காக ஒரு பொம்பளை இப்படி நெகிழ்ந்து போவாளா என்றால், வாராவாரம் அந்த ரப்பரை மென்று பார்த்துவிட்டு வந்து கேளுங்கள். மிளகின் காரம் நிதானமாக ஏறியது. உப்பு இருக்கிறது என்பதே தெரியாத அளவுக்குச் சரியான உப்பு. அவள் பேசாமல் சாப்பிட்டாள். இரண்டாவது முறையும் சுக்கா சொன்னாள். மூக்கு முட்டத் தின்றாள். தின்னத் தின்ன, வாய்க்கு நன்றாக இருந்ததெல்லாம் நெஞ்சுக்குக் கீழே போய்க் கல்லாக உட்கார்ந்தது.

ரோஸி சோற்றைக் கிளறிக்கொண்டிருந்தாள். "தாத்தா இந்நேரம் மோர் ஊத்தி சாப்டுக்கினு இருப்பாரு" என்றாள்.

"சாப்பிடும்போது ஏண்டி?" என்றான் நோயல்.

"நல்லா இல்ல தாத்தான்னு ஒரு தடவ சொன்னா இன்னா? கத்துக்க மாட்டாரா?"

"சொன்னா படுத்துடுவாரு" என்றாள் ஜொவிட்டா. "உனக்குத் தெரியாது. நீ சின்னப் புள்ள."

"படுக்க மாட்டாரு. நீங்கதான் பயந்துக்கினு இருக்கீங்க."

ஜொவிட்டா எலும்பை உறிஞ்சினாள். பதினாறு வயசுப் பெண்ணுக்கு எல்லாம் சுலபம். படுத்திருந்த அந்த முதுகுக்குக் கஞ்சி கொண்டுபோய் வைத்தவள் இவளா? அப்படியே ஆறிக் கிடந்த கஞ்சியைத் திரும்ப எடுத்து வந்தவள் இவளா? மறுபடி அந்த நாட்கள் வரக் கூடாது. அதற்காக இன்னும் பத்து வருஷம் உப்பைத் தின்னவும் அவள் தயார். ஆனால் பத்து வருஷத்துக்கு நடுவே ஒரே ஒரு மத்தியானம், ஒரே ஒரு தடவை, வாய்க்கு ருசியாக... மனசுக்குள் இப்படி வக்கீல் மாதிரி வாதாடிக்கொண்டே இருந்தாள். ஜட்ஜ்தான் யாரையும் காணோம்.

கை கழுவி வந்ததும் அவளே சர்வரைக் கூப்பிட்டு ஒரு சுக்கா, ஒரு பிரியாணி பார்சல் சொன்னாள். நோயல் திகைத்தான். "யாருக்கு?" "மாமாவுக்கு." "எங்க வாங்கினதுன்னு சொல்லுவ?" "கூட்டத்துல குடுத்தாங்கன்னு சொல்லிக்கலாம்." "அன்பியத்துல சுக்கா குடுக்கறாங்களா? நம்ம அன்பியத்துல பொங்கலே தண்ணியா இருக்கும்." ஆனாலும் அவள் விடவில்லை. அவர் மோர்ச்சோறு தின்றிருக்க, தான் மட்டும் இதைத் தின்றுவிட்டு வெறுங்கையோடு படியேற அவளால் முடியாது. பார்சல் வந்தது. பையில் ஒரு பெரிய சாவிக் கொத்தை அச்சடித்து, கீழே ஹோட்டல் பெயரைக் கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். ஆட்டோவில் ஏறியதும் பேரைக் கிழித்தெறியலாமா என்று பார்த்தாள். கெட்டித் தாள், கிழிய மாட்டேன் என்றது. கடைசியில் துப்பட்டாவால் மூடி மடியில் வைத்துக்கொண்டாள். மழை தூற ஆரம்பித்தது.

வீட்டுப் படியில் கால் வைத்தபோது செருப்புகள் கண்ணில் பட்டன. ஒன்றிரண்டு இல்லை. படிக்கட்டு முழுக்க, மாடி வரைக்கும் செருப்பு. ஜொவிட்டாவின் மனசு நேராகக் கெட்டதைத்தான் நினைத்தது. லூயிசா போன அன்றைக்கும் இப்படித்தான் செருப்புகள் கிடந்தன. "நோயல்..." என்று அவன் கையைப் பிடித்தாள். அதற்குள் மேலேயிருந்து பல குரல்கள் சேர்ந்து வந்தன. அருள் நிறைந்த மரியே வாழ்க. ஒரு குரல் மட்டும் மற்றவற்றை முந்திக்கொண்டு போனது. அன்பியத்துத் தலைவி பெர்னதெத் அக்காவின் குரல். அதை யார் வேண்டுமானாலும் அடையாளம் சொல்லலாம்.

உயிரோடுதான் இருக்கிறார் என்று அவளுக்கு வந்த நிம்மதி ஒரு நொடிகூட நிற்கவில்லை. மொத்த அன்பியமும் வீட்டில் உட்கார்ந்திருக்கிறது. அப்படியானால் கூட்டத்தில் இருந்தது யார்?

ஹாலில் மேசை மேல் வெள்ளைத் துணி விரித்து மாதாவை வைத்திருந்தார்கள். இரண்டு பக்கமும் மெழுகுவர்த்தி. தரையெல்லாம் பெண்கள், சுவரோரம் ஆண்கள். ஆம்ப்ரோஸ் முழங்கால் வலியையும் பார்க்காமல் முன்னால் முட்டி போட்டிருந்தார். திரும்பிப் பார்க்கவில்லை. மூவரும் வாசலிலேயே ஓரமாக முட்டி போட்டார்கள். ஜொவிட்டாவின் துப்பட்டாவுக்குள்ளிருந்து மட்டன் சுக்கா மணம், சாம்பிராணி மணத்தை மீறிக்கொண்டு கிளம்பியது. முன்னால் இருந்த ஒரு குழந்தை திரும்பித் திரும்பிப் பார்த்தது. மன்றாட்டு மாலை முடிகிற வரைக்கும் அவள் தலையை நிமிர்த்தவில்லை. எங்களுக்காக வேண்டிக்கொள்ளும் என்று எல்லோரும் சொல்லும்போது அவளும் சொன்னாள். சொல்ல நாக்கு எழவில்லை, ஆனாலும் சொன்னாள்.

முடிந்ததும் பெர்னதெத் அக்கா எழுந்து வந்து அவள் தோளைத் தொட்டாள். "வந்துட்டீங்களா? சாயந்தரம் பெருமழைன்னு சொன்னாங்கம்மா. இன்னிக்கு முறை இருந்த வீட்டுல ஒரு சாவு வேற. அதான் கடைசிப் பூசை முடிஞ்சதும் நேரா உங்க வீட்டுக்கே தூக்கினு வந்துட்டோம். குரூப்புல போட்டேனே, பாக்கலியா? அண்ணன் சொன்னாரு, யாரோ சொந்தக்காரங்கள பாக்க ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கீங்கன்னு. எப்டிகீறாங்க இப்ப?"

ஜொவிட்டா மாமனாரைப் பார்த்தாள். அவர் மெழுகுவர்த்தித் திரியைக் கிள்ளிச் சரி பண்ணிக்கொண்டிருந்தார். "பரவால்லக்கா" என்று நோயல்தான் சமாளித்தான். பெர்னதெத் அக்காவின் பார்வை துப்பட்டாவில் துருத்திக்கொண்டிருந்த பையின் மேல் போய் நின்றது. "அவங்களுக்குத்தான் வாங்கினோம்க்கா. சாப்பிட மாட்டேன்னுட்டாங்க" என்று அவன் இன்னொன்றையும் சேர்த்துவிட்டான். அக்கா உச்சுக் கொட்டினாள். மாதா பார்த்துப்பாங்க என்று சொல்லி நெற்றியில் சிலுவை போட்டுவிட்டுப் போனாள்.

செருப்புகள் ஒவ்வொன்றாகக் குறைந்தன. கடைசி ஆள் இறங்கியதும் வீடு வெறிச்சென்றாயிற்று. மாதாவும் அவர்கள் நாலு பேரும். வெளியே மழை பிடித்துக்கொண்டது.

"டாடி, வந்து..." என்று நோயல் ஆரம்பித்தான்.

ஆம்ப்ரோஸ் கையைக் காட்டி நிறுத்தினார். "கதவத் தொறந்தா மொத்த அன்பியமும் நிக்குது. கையில மாதா. எங்க உங்க புள்ளைங்கன்னு கேக்கறாங்க. மாதாவ வாசல்ல நிக்கவச்சிக்கினு இந்த வயசுல நான் ஒரு பொய் சொன்னேன். போதும். நீ இன்னொண்ணு சொல்லாத."

திட்டியிருக்கலாம். விசில் ஊதி மைதானத்தைச் சுற்றி ஓட விட்டிருந்தால்கூட ஜொவிட்டா சந்தோஷமாக ஓடியிருப்பாள். அவர் குரல் உயரவே இல்லை. அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது, ஆனால் இப்போது அழுவது ஏமாற்று வேலை என்று பட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

"அதக் குடு" என்றார். பையைக் கொடுத்தாள். அவர் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, டப்பாவைத் திறந்து, கையலம்பிவிட்டு வந்து, ஒரு துண்டு சுக்காவை எடுத்து வாயில் போட்டார். நிதானமாக மென்றார். கொஞ்சம் பிரியாணியையும் அள்ளிப் போட்டுக்கொண்டார். மூவரும் அவரைச் சுற்றி நின்றார்கள்.

"ரோஸி, இது நல்லா இருந்துச்சா?"

ரோஸி அம்மாவைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள். "ம். நல்லா இருந்துச்சு தாத்தா."

"எப்டின்னு சொல்லு."

"கறி சாஃப்ட்டா இருந்துச்சு. மிளகு காரம். உப்பு கரெக்டா இருந்துச்சு."

"அப்டியா" என்று தலையாட்டினார். இன்னொரு துண்டை எடுத்து, தின்னாமல் விரலில் வைத்து உருட்டினார். "கறி சாஃப்ட்டு. அது பல்லுக்குத் தெரியுது. மத்ததெல்லாம் எனக்குத் தெரியல."

"என்னா மாமா?"

"கொரோனா வந்து படுத்தேனே, அதுல போனது. வாசன, ருசி ரெண்டும். திரும்பி வரும்னாங்க, வரல. எத வாய்ல போட்டாலும் வெந்நீர் குடிக்கற மாதிரிதான். லூயிசாவுக்கு மட்டும் சொல்லியிருந்தேன். புள்ளைங்களுக்குச் சொல்லாத, பாவம் கவலப்படுவாங்கன்னேன். அவ இருந்த வரைக்கும் கவல இல்ல, அவ போட்டதத் தின்னேன்." அவர் நிறுத்தி, துண்டை டப்பாவிலேயே வைத்தார். "நான் சமைக்கறப்ப எவ்ளோ உப்பு போடறதுன்னு எனக்கு எப்டித் தெரியும்? அதான் முத நாளு கேட்டேன், சரியா இருக்கான்னு. சூப்பர்ன்னீங்க. சரி, இதான் அளவுன்னு வச்சிக்கினேன். அடுத்த வாரமும் அதையே போட்டேன். ஒரு கல்லு கூட கூட்டல, கொறைக்கல. வாராவாரம் அதே அளவு. உங்க நாக்க நம்பித்தான் நான் அடுப்பாண்டயே போனேன்."

நோயல் சட்டென்று திரும்பி பால்கனிப் பக்கம் போனான். ஜொவிட்டாவுக்கு ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் கண் முன்னால் வந்து போனது. தட்டின் பக்கத்தில் நின்று அவர் முகத்தை முகத்தைப் பார்த்தது. அவள் சிரித்த சிரிப்பு. ஒதுக்கி வைத்த கறி. மனுஷன் கண் தெரியாதவர் சாலையில் வழி கேட்பதைப்போல் கேட்டிருக்கிறார், இவர்கள் நல்லவர்களாக நடந்துகொண்டு தப்பு வழியைக் காட்டியிருக்கிறார்கள். அதுவும் பாசம் என்று பேர் வைத்துக்கொண்டு. ரோஸி சொன்னதுபோல் ஒரே ஒரு வார்த்தை. முதல் நாளே ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால்.

"மாமா, நாங்க உங்களுக்குக் கஷ்டமா இருக்கும்னுதான்..."

"வாம்மா இங்க" என்று எழுந்து சமையலறைக்குப் போனார். அவள் பின்னாலேயே போனாள். அடுப்பின் மேல் சட்டி மூடியிருந்தது. சமைக்க வேண்டாம் என்று சொல்லியும் சமைத்திருக்கிறார். "சமத் பாய் எனக்குன்னு எடுத்து வச்சிட்டாரு. ராத்திரி தோசைக்கு ஆகுமேன்னு வச்சேன்" என்றார், அவள் கேட்காமலேயே. மூடியைத் திறந்தார். உருளைக்கிழங்கும் கறியும் போட்ட அதே குழம்பு. மேலே எண்ணெய் மிதந்து, பார்க்க என்னவோ அழகாகத்தான் இருந்தது. கரண்டியால் அடிவரைக்கும் கலக்கி, கொஞ்சம் எடுத்தார்.

"கைய நீட்டு."

ஜொவிட்டா உள்ளங்கையைக் குழித்து நீட்டினாள். அவர் குழம்பை ஊற்றினார். இன்னும் ஆறவில்லை, சுட்டது. ஹாலிலிருந்து ரோஸி வந்து கதவில் சாய்ந்து நின்றாள். ஜொவிட்டா கையை வாயிடம் கொண்டுபோய் நக்கினாள். உப்பு நாக்கில் அறைந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் இந்த இடத்தில்தான் அவள் முகம் தானாகவே ஒரு சிரிப்பை எடுத்து மாட்டிக்கொள்ளும். இன்றைக்கு அதை வரவிடாமல் நிறுத்துவதற்குப் படாத பாடு பட வேண்டியிருந்தது. ஆம்ப்ரோஸ் மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு அவள் முகத்தையே பார்த்தார்.

"கரிக்குது மாமா" என்றாள்.

"ரொம்பவா?"

"ரொம்ப."

அவர் தலையை ஆட்டினார். கோபமில்லை, வருத்தம்கூட இல்லை. கணக்கு சரியாக வராத பையனிடம் கேட்கிற மாதிரி, நிதானமாக, தெரிந்துகொள்வதற்காகக் கேட்டார்.

"எத்தினி வாரமா?"

அவள் கையை நீட்டியபடியே நின்றாள். மிச்சமிருந்த குழம்பு உள்ளங்கையிலிருந்து மணிக்கட்டுக்கு இறங்கி, வளையலைத் தாண்டி, முழங்கை வரைக்கும் ஒரு சிவப்புக் கோடாக வழிந்துகொண்டிருந்தது. அவர் கரண்டியைப் பிடித்தபடி காத்துக்கொண்டிருந்தார்.